பழைய படகின் ஸ்டீயரிங் ஆடுகிறதா? ஸ்டெர்ன்டிரைவ் படகுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒன்டாரியோவின் டிரென்ட்-செவர்ன் நீர்வழியில் ஒரு லாக்குக்குள் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் தொட்டி) நுழைந்தபோதுதான் என் படகின் ஸ்டீயரிங் எவ்வளவு தேய்ந்துபோயிருந்தது என்று எனக்குப் புரிந்தது. திறந்த ஏரியில் ஓடும்போது அது பெரிதாகத் தெரிந்ததில்லை. லாக்கில் இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், முன்னால் இன்னொரு படகு, நடக்கும் வேகம். சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினேன். கால் சுற்று வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு படகு தேவைக்கு மேல் திரும்பியது. இடப்பக்கம் திருப்பினால் மறுபடியும் அதே கால் சுற்று வெறும் சுற்று. என் மனைவி கையை நீட்டிச் சுவரைத் தள்ளியதால்தான் உரசாமல் தப்பினோம். ஒன்றரை டன் படகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை. அந்தக் காட்சி இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. அந்த வாரமே படகைத் தண்ணீரிலிருந்து எடுத்து டிரெய்லரில் ஏற்றினேன்.

அதற்குப் பிறகு நான் செய்த தவறுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். சக்கரம் ஆடுகிறது, ஆகவே கோளாறு சக்கரத்தின் பக்கம்தான் என்று முடிவுகட்டி ஹெல்மையும் (சக்கரத்தின் பின்னால் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) கேபிளையும் புதிதாக வாங்கிப் போட்டேன். ஆட்டம் கொஞ்சம் குறைந்ததே தவிரப் போகவில்லை. உண்மையான தேய்மானம் படகுக்கு வெளியே, புரொப்பெல்லர் உள்ள டிரைவைத் தாங்கும் வளையத்தில் இருந்தது. ஐந்து நிமிடம் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். டொராண்டோ பக்கத்தில் நம்மவர்கள் பலர் இப்போது இருபது முப்பது வயதுப் படகுகளை வாங்கி சிம்கோ ஏரிக்கு எடுத்துப் போகிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஆட்டம் எந்த இணைப்பில் இருக்கிறது என்று கண்ணால் பார்க்கும்வரை ஒரு பாகத்தையும் வாங்காதீர்கள்.

என் படகு 19 அடி. 4.3 லிட்டர் வி6 எஞ்சின், மெர்க்ரூஸர் ஆல்ஃபா ஒன் ஜென் 2 டிரைவ், பவர் ஸ்டீயரிங். 1991 முதல் வந்த இந்த டிரைவ் வட அமெரிக்க ஏரிகளில் ஏராளமாக இருப்பதால் அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். வேறு டிரைவ் என்றால் அடிப்படை ஒன்றுதான். பாகங்களும் அளவுகளும் மாறும். எதுவாக இருந்தாலும் உங்கள் டிரைவின் வரிசை எண்ணுக்கு உரிய சர்வீஸ் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்திலிருந்து புரொப்பெல்லர் வரை

ஸ்டெர்ன்டிரைவ் படகில் தனியாகச் சுக்கான் கிடையாது. எஞ்சின் படகுக்குள் இருக்கும். பல்சக்கரங்களும் புரொப்பெல்லரும் கொண்ட டிரைவ், படகின் பின்பலகைக்கு வெளியே தொங்கும். 1959-இல் வால்வோ பென்டா ‘அக்குவாமேட்டிக்’ என்ற பெயரில் இந்த அமைப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்த காலம் முதல் அடிப்படை மாறவில்லை: முழு டிரைவும் இடமும் வலமும் திரும்பும், புரொப்பெல்லர் தள்ளும் திசை மாறும், படகு திரும்பும்.

சக்கரத்தைத் திருப்பினால் டாஷ்போர்டின் பின்னால் இருக்கும் ஹெல்ம் என்ற பல்சக்கரப் பெட்டி ஒரு கேபிளைத் தள்ளும் அல்லது இழுக்கும். கேபிள் படகின் ஓரமாகவே பின்பலகை வரை போகும். பவர் ஸ்டீயரிங் இருந்தால் அங்கே ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர் இருக்கும். கேபிளின் அசைவு அதன் வால்வைத் திறக்க, எஞ்சினோடு சுற்றும் பம்பின் அழுத்தம் மீதி வேலையைச் செய்யும். சிலிண்டர் ஓர் இரும்புக் கையைத் தள்ளும். அந்தக் கை நிற்பது ‘பின்’ (pin) என்ற செங்குத்தான உலோக அச்சின் தலையில். அந்த அச்சு பின்பலகைக்கு வெளியே இறங்கி கிம்பல் ரிங் என்ற பெரிய அலுமினிய வளையத்தைப் பிடித்திருக்கும். வளையம் திரும்பினால் டிரைவ் திரும்பும்.

எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு இணைப்புகள். ஒவ்வொன்றிலும் மயிரிழை ஆட்டம் இருந்தாலே எல்லாம் சேர்ந்து சக்கரத்தில் விரல் அகலமாகத் தெரியும். ஒன்று மட்டும் மோசமாகத் தேய்ந்திருந்தால் என் கதைதான்.

முதலில், இது கோளாறுதானா?

புதிதாக ஓட்டுகிறவர்களை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. ‘வி’ வடிவ அடிப்பாகம் கொண்ட ஸ்டெர்ன்டிரைவ் படகு, ஐடிலில் போகும்போது நேர்கோட்டில் போகாது. முன்பக்கம் இடது பக்கம் நழுவும், பிறகு வலது பக்கம் நழுவும். ஸ்டீயரிங் புத்தம் புதிதாக இருந்தாலும் இது இருக்கும். மெதுவாகப் போகையில் படகின் உடல் நீரைக் கவ்விப் பிடிப்பதில்லை, அவ்வளவுதான். டிரைவை முழுவதுமாகக் கீழே இறக்கி, சக்கரத்தைச் சிறிதளவே திருப்பி, படகு பதில் சொல்லும்வரை பொறுத்திருங்கள். ஒவ்வொரு நழுவலையும் துரத்தித் துரத்தித் திருப்பினால் இன்னும் வளைந்து வளைந்துதான் போகும்.

கோளாறின் அடையாளங்கள் வேறு. சக்கரத்தைத் திருப்பும்போது தொடக்கத்தில் எதிர்ப்பே இல்லாத வெற்றிடம். திசை மாற்றும்போது பின்னாலிருந்து ‘டக்’ என்ற சத்தம். வேகத்தில் பக்கவாட்டு அலை அடித்தால் டிரைவ் தானாக ஆடுவது. ஒரு பக்கம் லேசாகவும் மறுபக்கம் கல்லாகவும் திரும்புவது. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒவ்வொரு முறை ஓட்டியபின்பும் எஞ்சின் அறையின் அடியில் கொஞ்சம் தண்ணீர் சேர்கிறதா? நான் சொன்ன செங்குத்துப் பின்னைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும் சீலும் தேய்ந்தால் அந்த வழியாகவும் நீர் உள்ளே வரும். வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் ஸ்டீயரிங் ஆட்டத்தோடு சேர்ந்து வந்தால் அங்கே பாருங்கள்.

இருவர் சேர்ந்து செய்யும் சோதனை

படகு டிரெய்லரில், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து நிற்கட்டும். பேட்டரியின் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். எஞ்சின் மூடியைத் திறந்து, பெட்ரோல் வாடை இருக்கிறதா என்று மூக்கால் பாருங்கள். இருந்தால் ஸ்டீயரிங்கை மறந்துவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

ஒருவர் சக்கரத்தை இரண்டு அங்குலம் இடப்பக்கம், இரண்டு அங்குலம் வலப்பக்கம் என்று நிதானமாக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் டார்ச்சோடு முன்னாலிருந்து பின்னால் போங்கள். டாஷ்போர்டின் பின்னால் ஹெல்ம் பெட்டியே அசைகிறதா? பொருத்திய போல்ட் தளர்ந்திருக்கலாம். அப்படியானால் ஸ்பானரோடு வேலை முடிந்தது. சாய்க்கக்கூடிய சக்கரம் என்றால் அந்தச் சாய்ப்பு மூட்டும் தேயும். அடுத்து கேபிள் சிலிண்டருக்குள் நுழையும் இடம்: சக்கரம் அசைந்த உடனே கேபிளின் முனைக் கம்பி அசைகிறதா, சற்றுத் தாமதித்தா? தாமதம் இருந்தால் ஹெல்ம் அல்லது கேபிள். கம்பியும் இரும்புக் கையும் சேரும் இடத்தில் விரலை வையுங்கள். இணைப்புப் பின் தன் துளையில் ஆடினால் கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது எதிர்த்திசையில். சக்கரத்தை ஒருவர் இறுகப் பிடித்துக்கொள்ளட்டும், இன்னொருவர் வெளியே டிரைவின் அடித்துடுப்பைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டட்டும். எஞ்சின் அறைக்குள் இரும்புக் கையைப் பாருங்கள். டிரைவும் ஆடி இரும்புக் கையும் ஆடினால் தேய்மானம் கைக்கு முன்னால், அதாவது சிலிண்டர், கேபிள், ஹெல்ம் பக்கம். டிரைவ் ஆடுகிறது, கை அசையவே இல்லை என்றால் தேய்மானம் வெளியே: பின்னில் அல்லது கிம்பல் ரிங்கில். என் படகில் இதுதான் நடந்தது. துணைக்கு ஆள் இல்லையென்றால் கைப்பேசியை எஞ்சின் அறையில் வீடியோவில் வைத்துவிட்டு வெளியே போய் ஆட்டுங்கள்.

பவர் ஸ்டீயரிங் உள்ள படகில் ஒரு எச்சரிக்கை. எஞ்சின் அணைந்திருக்கும்போது சிலிண்டரின் வால்வு நகரும் சிறு தூரமும் ஆட்டம் போலவே தெரியும், அது இயல்பு. சந்தேகம் இருந்தால் புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டு, டிரைவின் நீர் நுழைவாயில்களில் தோட்டக் குழாய்க்கான ரப்பர் மூடியை மாட்டி, தண்ணீரைத் திறந்து, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். தண்ணீர் இல்லாமல் அரை நிமிடம்கூட ஓட்டாதீர்கள், நீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லர் கருகிவிடும். எஞ்சினைத் தொடங்கும் முன் புளோயரை (எஞ்சின் அறையின் பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் விசிறி) குறைந்தது 4 நிமிடம் ஓடவிட வேண்டும் என்பது கனடாவின் விதி. வீட்டு வாசலில் நின்றாலும் அதைக் கடைப்பிடியுங்கள்.

கேபிள்: நீங்களே மாற்றலாம்

சக்கரம் இறுகிப்போய்த் திருப்பக் கடினமாக இருந்தால் பெரும்பாலும் கேபிள்தான். உறைக்குள் நீர் புகுந்து உள்ளே துரு பிடித்திருக்கும். ஒன்டாரியோ குளிரில் அந்த நீர் உறையவும் செய்யும். உள்ளே எண்ணெய் விட்டு உயிர்ப்பிக்க முயலாதீர்கள். சில வாரம் நன்றாக ஓடும், பிறகு ஏரியின் நடுவில் இறுகும். கேபிளின் மேலுறை வெடித்திருந்தாலோ வீங்கியிருந்தாலோ கேள்வியே இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

நீளத்தைத் தப்பாக வாங்குவதுதான் அதிகம் நடக்கும் பிழை. பழைய கேபிளின் உறையில் பாக எண் அச்சிட்டிருக்கும். டெலிஃப்ளெக்ஸ் கேபிள்களில் அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் அடிக்கணக்கில் நீளம். (டெலிஃப்ளெக்ஸின் படகுப் பிரிவு 2011-இல் ஸீஸ்டார் சொல்யூஷன்ஸ் ஆனது, 2017-இல் டோமெடிக் அதை வாங்கியது. ஒரே பாகத்தை மூன்று பெயரில் பார்த்துக் குழம்ப வேண்டாம்.) கேபிளும் ஹெல்மும் ஜோடி சேர வேண்டும், ஒரு வகை ஹெல்முக்கான கேபிள் மற்றதில் பொருந்தாது. ஹெல்மும் பழையது என்றால் இரண்டையும் ஒரே பெட்டியாக வாங்குவதே என் பரிந்துரை.

வேலை வரிசை:

1. டிரைவை நேராக வையுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் கழற்றும் முன் படம் எடுங்கள். கேபிள் எதன் மேலே, எதன் கீழே போகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. சக்கரத்தின் நடு மூடியைக் கழற்றி நட்டைத் தளர்த்துங்கள், முழுவதும் எடுக்காதீர்கள். கூம்பு வடிவ அச்சில் சக்கரம் கவ்விக்கொண்டிருக்கும். புல்லர் போட்டு இழுங்கள். அச்சின் தலையில் சுத்தியால் அடித்தால் உள்ளே ஹெல்மின் பற்கள்தான் அடி வாங்கும். அச்சில் இருக்கும் சின்னச் சாவித் துண்டு கீழே விழுந்து ஓடும். முன்பே ஒரு துணியை விரித்துவையுங்கள்.

3. பின்பக்கம் இணைப்புப் பின்னைப் பூட்டியிருக்கும் இரட்டைக் கால் கம்பியை, அதாவது ஸ்ப்ளிட் பின்னை, நிமிர்த்தி எடுங்கள். பின்னை உருவுங்கள். கேபிளைச் சிலிண்டரின் குழாயோடு பிடித்திருக்கும் பெரிய நட்டைக் கழற்றுங்கள். கம்பி குழாய்க்குள் துருப்பிடித்து ஒட்டியிருந்தால் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு விடுங்கள். எஞ்சின் அறையில் நெருப்பு காட்டிச் சூடாக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே பெட்ரோல் ஆவி தேங்கும்.

4. பழைய கேபிளை உருவும் முன் அதன் முனையில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டுங்கள். கேபிள் வெளியே வரும்போது கயிறு அதன் பாதையில் போய் உட்காரும். புதிய கேபிளை அந்தக் கயிற்றால் இழுத்தால் போதும். இதை மறந்தால் ஒரு நாள் வீணாகும்.

5. புதிய கேபிளைக் கூர்மையாக மடிக்காதீர்கள். எந்த வளைவும் 8 அங்குல ஆரத்துக்குக் குறையக் கூடாது. வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு லேசாகச் சக்கரம் திரும்பும். புகைக்குழாயையும் சுற்றும் பெல்ட்டையும் தொடாமல் போக வேண்டும்.

6. முனைக் கம்பியில் படகுக்கான நீர் எதிர்ப்பு கிரீஸ் தடவிக் குழாய்க்குள் செலுத்துங்கள். பெரிய நட்டை 35 பவுண்டு-அடிக்கு, அதாவது 48 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். இது மெர்க்ரூஸர் பவர் ஸ்டீயரிங்குக்கான அளவு. நட்டு கழன்று வராமல் பூட்டும் தகடோ பின்னோ இருந்தால் அதையும் போடுங்கள்.

7. இணைப்புப் பின்னுக்குப் புதிய ஸ்ப்ளிட் பின். பழையதைத் திரும்ப வளைத்துப் போடாதீர்கள். இரண்டு கால்களையும் முழுவதும் விரித்து மடக்குங்கள். படகில் இருப்பவர்கள் அத்தனை பேரும் இந்தச் சின்னக் கம்பியை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

8. ஹெல்மோடு கேபிளை இணைத்து, சக்கரத்தை மாட்டி, இடக்கோடி வரையும் வலக்கோடி வரையும் திருப்புங்கள். டிரைவ் இரண்டு பக்கமும் தன் தடுப்பை முட்ட வேண்டும். அதற்கு முன் கேபிள் முடிந்து நின்றால் பொருத்தியதில் பிழை இருக்கிறது. மெர்க்ரூஸருக்குக் கேபிள் கம்பியின் மொத்த ஓட்டம் 8 முதல் 9 அங்குலம். கடைசியாக டிரைவை நேராக்கி, சக்கரத்தின் ஆரங்கள் நேராக நிற்கும்படி அதை அச்சில் உட்காரவைத்து நட்டை இறுக்குங்கள்.

கிரீஸ் பற்றிக் கூடுதலாக ஒன்று. சில கேபிள்களின் முனையில் கிரீஸ் நிப்பிள் இருக்கும். சக்கரத்தைத் திருப்பி, கம்பி உறைக்குள் முழுவதும் போன பிறகே அதில் கிரீஸ் அடிக்க வேண்டும். கம்பி வெளியே நீண்டிருக்கும்போது அடித்தால் உள்ளே கிரீஸ் நிறைந்து, கம்பி திரும்பப் போக இடமில்லாமல் பூட்டிக்கொள்ளும். ஓடும் படகில் அப்படி நடந்தால் திருப்பவே முடியாது. மூன்று முறை அடித்தால் போதும்.

பவர் ஸ்டீயரிங் பம்பும் சிலிண்டரும்

எஞ்சின் ஓடும்போதும் சக்கரம் கனமாக இருந்தால் பெல்ட்டின் இறுக்கம், எண்ணெய் அளவு இரண்டையும் பாருங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்தோ நுரைத்தோ இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. நிரப்பிவிட்டு, எஞ்சினை அணைத்தபடியே சக்கரத்தை இரு கோடிக்கும் பலமுறை திருப்புங்கள். பிறகு ஐடிலில் ஓடவிட்டுத் திருப்புங்கள். கோடியில் முட்டியபடி பிடித்து நிறுத்தாதீர்கள், பம்ப் சூடாகும். அளவு குறையக் குறைய மீண்டும் நிரப்புங்கள். மெர்க்ரூஸருக்கு அவர்களின் டிரிம்-ஸ்டீயரிங் திரவமோ டெக்ஸ்ரான் 3 வகை ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெயோ ஏற்றது.

இந்த எண்ணெயைக் குளிரவைக்கச் சிறிய கூலர் ஒன்று இருக்கிறது; ஏரி நீர் அதன் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது. உடைந்த இம்பெல்லரின் ரப்பர் துண்டுகளும் களைகளும் அங்கே வந்து அடைக்கும். ஸ்டீயரிங் வேலைக்காக அங்கே கை விடும்போதே ஹோஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். என் கூலரில் இரண்டு ரப்பர் இறக்கைகள் கிடந்தன. எஞ்சின் சூடேறுவதற்கு ஒரு மாதமாகக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். விடை ஸ்டீயரிங் கூலருக்குள் இருந்தது.

சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு பக்கப் போல்ட்டுகள் தளர்ந்தாலும் ஆட்டம் வரும். அவை 25 பவுண்டு-அடி. இறுக்கியபின் வாஷரின் காதுகளைப் போல்ட்டின் தலைமேல் மடக்கிவிட வேண்டும்.

கிம்பல் ரிங்: கடினமான பகுதி

நான் சொன்ன செங்குத்துப் பின் துருப்பிடிக்காத எஃகு, வளையம் அலுமினியம். ஆல்ஃபாவில் பின்னின் சதுர முனை வளையத்தின் சதுரத் துளையில் உட்காரும். வளையத்தின் மேல்பகுதி பிளந்திருக்கும். அந்தப் பிளவைக் கிளாம்ப் போல்ட்டுகள் நெருக்கிப் பின்னைக் கவ்வும். போல்ட்டுகள் சிறிது தளர்ந்தாலும் ஒவ்வோர் அலையும் எஃகை அலுமினியத்தின்மேல் இடிக்கிறது. மெத்தென்ற உலோகம் தோற்கும். சதுரத்தின் மூலைகள் உருண்டுபோகும்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது அந்த போல்ட்டுகளை இறுக்குவது. டிரைவை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் வளையத்தின் மேல்பகுதியில் கை எட்டும். கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்கிவிட்டுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஆட்டம் போய்விட்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. போல்ட் தலையில் பெயின்ட் கோடு போட்டுவிட்டு, சில நாள் ஓட்டியபின் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இறுக்கியதில் பிளவின் இரு உதடுகளும் ஒன்றோடொன்று முட்டிவிட்டன, ஆனாலும் ஆடுகிறது என்றால் வளையம் தேய்ந்தே விட்டது. இனி நெருக்க இடமில்லை. நடுவில் தகரம் செருகுவது, வெல்டிங் வைப்பது என்று பலர் யோசனை சொல்வார்கள். ஸ்டீயரிங்கில் அப்படிச் செய்வதை நான் ஏற்கவே மாட்டேன். புதிய வளையம், புதிய பின், புதிய புஷ், புதிய சீல். நான்கும் சேர்ந்தே போகட்டும்.

இதற்கு டிரைவைக் கழற்ற வேண்டும். ஆல்ஃபா என்றால் கியரை முன்னோக்கில் போட்டுவிட்டுக் கழற்றுங்கள்; மெர்க்ரூஸரின் இன்னொரு டிரைவான பிராவோ என்றால் நியூட்ரல். டிரைவை உயர்த்தி இறக்கும் டிரிம் சிலிண்டர்களின் பின்முனைகளை எடுத்துவிட்டு ஆறு நட்டுகளைக் கழற்றினால் டிரைவ் பின்னோக்கி வழுகி வரும். ஒற்றை ஆள் தாங்கக்கூடிய எடை அல்ல. இருவரும் ஒரு ஸ்டாண்டும் தேவை. அடுத்து டிரைவை வளையத்தோடு சேர்க்கும் பெல் ஹவுசிங், அதனோடு நீர் புகாமல் காக்கும் மடிப்புக் குழாய்களான ரப்பர் பெல்லோஸ்கள். பெல் ஹவுசிங்கின் கீல் பின்களுக்குத் தனிக் கருவி வேண்டும்; அதை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

பின்னின் தலையில் இருக்கும் இரும்புக் கையை எட்டுவதுதான் பெரும்பாடு. எஞ்சினைத் தூக்கி வெளியே எடுத்து உள்ளிருந்து செய்வது முறையான வழி. இன்னொரு வழி, பின்பலகையில் நின்று வளையத்தைத் தாங்கும் கிம்பல் ஹவுசிங்கின் பக்கத்தில் வெளியிலிருந்து துளை போட்டு, அதன் வழியே கருவியை விட்டு வேலையை முடித்து, மறையிட்ட மூடியால் சீலன்ட் வைத்து அடைப்பது. அதற்கென்றே மூடிகளோடு கிட் விற்கிறார்கள். துளை ஓர் அங்குலம் தள்ளிப் போனாலும் விலை உயர்ந்த வார்ப்பு பாழாகும். முதல்முறை செய்கிறவர் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். கேபிளை நானே மாற்றினேன். வளையத்தை இதை முன்பே செய்த ஒரு மெக்கானிக்கோடு நின்று, ஸ்பானர் எடுத்துக்கொடுத்துக் கற்றுக்கொண்டேன். அந்தக் கூலி எனக்கு வருத்தமே இல்லை.

டிரைவ் வெளியே இருக்கும்போது மற்றவற்றையும் முடித்துவிடுங்கள். டிரைவின் அச்சைத் தாங்கும் கிம்பல் பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். மணல் அரைப்பது போல இருந்தால் மாற்றுங்கள். பெல்லோஸ்களை மடிப்புகளுக்குள் விரித்துப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். அச்சின் மூட்டைச் சுற்றியிருக்கும் யு-ஜாயின்ட் பெல்லோஸ் கிழிந்தால் படகு மூழ்கும், இதில் மிகை ஒன்றும் இல்லை. திரும்ப மாட்டும் முன், எஞ்சின் டிரைவோடு நேர்கோட்டில் இருக்கிறதா என்று காட்டும் அலைன்மென்ட் கம்பியை விட்டுப் பாருங்கள். இரண்டு விரலால் தள்ளினால் எஞ்சினின் இணைப்பான கப்ளருக்குள் வழுகிப் போக வேண்டும். போகாவிட்டால் எஞ்சினின் முன் தாங்கிகளை ஏற்றியோ இறக்கியோ சரிசெய்ய வேண்டும். டிரைவைப் பலவந்தமாகத் திணிக்காதீர்கள்.

தரம் உயர்த்த நினைத்தால்

வட்டப் பல்சக்கரம் கேபிளை நகர்த்தும் சுற்று வகை ஹெல்முக்குப் பதில், நேரான பற்கம்பி நகர்த்தும் ரேக் வகை ஹெல்ம் போட்டால் சக்கரத்தின் பக்க ஆட்டம் குறையும். டாஷ்போர்டின் பின்னால் நீளமான இடம் வேண்டும், அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். சக்கரம் தானாக இழுக்காமல் தடுக்கும் ‘நோ ஃபீட்பேக்’ ஹெல்ம்கள் பவர் உதவி இல்லாத படகுகளுக்கானவை. பவர் ஸ்டீயரிங் இருந்தால் அந்தப் பணம் வீண்.

கேபிளே இல்லாத முழு ஹைட்ராலிக் ஸ்டீயரிங் திருப்புவதற்கு அருமையாக இருக்கும். ஆனால் பவர் ஸ்டீயரிங் கொண்ட டிரைவுக்கு அதற்கென்றே செய்த சிலிண்டர் கிட்தான் வேண்டும். படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினுக்கானதை மாற்றிப் பொருத்தப் பார்க்காதீர்கள். ஹைட்ராலிக்கில் சக்கரத்தின் ‘நேர்’ நிலை காலப்போக்கில் நகரும். ஆரத்தைப் பார்த்து டிரைவ் நேராக இருக்கிறது என்று நம்ப முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தேய்ந்த கிம்பல் ரிங்கை எந்த ஹைட்ராலிக்கும் குணப்படுத்தாது. நல்ல ஹெல்மின் முனையில் அதே டிரைவ் அப்படியே ஆடிக்கொண்டிருக்கும்.

தண்ணீரில்

காற்றில்லாத வார நாள் காலையைத் தேர்ந்தெடுங்கள். எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட், ஓட்டுபவரின் உடம்பில், அவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிறு. கரையில் கட்டியிருக்கும்போதே எஞ்சினை ஓடவிட்டு இரு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். பிறகு ஐடில், பிறகு பாதி வேகம், பிறகுதான் முழு ஓட்டம். ஒவ்வொரு படியிலும் நிறுத்தி எஞ்சின் அறையைத் திறந்து கேபிள் உரசுகிறதா, எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள்.

ஆட்டம் போன பிறகும், வேகத்தில் சக்கரம் ஒரு பக்கமாகவே இழுத்தால் அது புரொப்பெல்லரின் முறுக்கு விசை. டிரைவை அளவுக்கு மேல் உயர்த்தி டிரிம் செய்திருந்தால் இன்னும் இழுக்கும். புரொப்பெல்லருக்கு மேலே கிடைத் தகட்டின் அடியில் துடுப்புப் போல் ஒரு சின்ன டேப் இருக்கிறது. சக்கரம் வலப்பக்கம் எளிதாகத் திரும்பினால் டேபின் பின்முனையை வலப்பக்கம் சிறிது நகர்த்துங்கள். இடப்பக்கம் என்றால் இடப்பக்கம். பழைய இடத்தைக் கோடு போட்டுக் குறித்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பல டிரைவ்களில் அந்த டேபே துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் ஆனோடாகவும் இருக்கும். அதற்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது. நம் ஏரிகள் நன்னீர் என்பதால் மக்னீசியம் அல்லது அலுமினியம் ஆனோடு வாங்குங்கள்; துத்தநாகம் உப்பு நீருக்கு.

முதல் ஐந்து மணி நேரம் ஓடியதும் படகை மறுபடி டிரெய்லரில் ஏற்றி, இருவர் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள். பெரிய நட்டு, சிலிண்டர் போல்ட்டுகள், கிம்பல் ரிங்கின் பெயின்ட் கோடுகள், ஸ்ப்ளிட் பின். இலையுதிர் காலத்தில் படகை மூடிவைக்கும் முன் இன்னொரு முறை. அப்போது கம்பிக்குக் கிரீஸ் அடித்து, டிரைவை முழுவதும் கீழே இறக்கி வையுங்கள். உள்ளே தங்கிய நீர் வடியும், பெல்லோஸும் குளிர்காலம் முழுக்க இழுபட்டுக் கிடக்காது.